மார்ச் 31-க்குள் காலியாகும் பள்ளி மானியம்

மானியம் வந்துவிட்டது என்று வட்டார வள மையத்தின் (வட்டாரப் பள்ளிகளுக்குத் துணை நிற்கும் அலுவலகம்) வாட்ஸ்அப் குழுவில் தகவல் வரும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ப் பதிந்து பார்த்தால் இருப்பு பூஜ்ஜியம். 2021 ஜூலைக்குப் பிறகு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம் பள்ளிக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. மாநிலத்துக்கு ஒரே ஒரு கணக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கு அதன் கிளை, இருப்பு எப்போதும் பூஜ்ஜியம். பள்ளிக்குக் கொடுக்கப்படுவது செலவு வரம்பு மட்டும். கடைக்காரருக்குப் பணம் போகிற நொடியில்தான் மாநிலக் கணக்கிலிருந்து அந்தத் தொகை இறங்கும்.

இது புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். முன்பு போல "பணம் கணக்கிலேயே இருக்கட்டும், ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்க முடியாது. நிதியாண்டு முடிந்ததும் வரம்பு போய்விடும். வட்டியும் பள்ளிக்குச் சேராது.

எவ்வளவு வரும்? ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2021-இல் திருத்திய நெறிமுறைப்படி 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். படிக்கட்டு எங்கெங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். 30 பேர் உள்ள பள்ளியில் இன்னொரு பிள்ளை சேர்ந்தால் 15,000 ரூபாய் கூடும். 100 பேர் 101 ஆனால் தொகை இரட்டிப்பு.

ஆகவே மானியம் உண்மையில் தீர்மானமாவது யுடைஸ் (நாடு முழுவதற்குமான பள்ளித் தரவுத் தொகுப்பு) பதிவில். வகுப்பில் 31 பேர் உட்கார்ந்திருப்பார்கள், கணினியில் 30 பேர்தான் இருப்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வேறு ஊரிலிருந்து வந்த பிள்ளையைப் பழைய பள்ளி எமிஸில் (மாநிலத்தின் மாணவர் தரவுத் தளம்) விடுவித்திருக்காது. விடுவித்த பெயர்கள் சேரும் பொதுத் தொகுப்புக்கு வந்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். அதுவரை பிள்ளை இங்கே படிக்கும், கணக்கு அங்கே ஏறும். எண்ணிக்கை கணக்கில் எடுக்கப்படும் செப்டம்பர் கடைசி வரை இழுக்காமல் ஜூலையிலேயே வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிட்டுவிடுவது நல்லது. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. போன பிள்ளை ஒன்று, வந்த பிள்ளை ஒன்று என்றால் எண்ணிக்கை சரியாகவே காட்டும்.

மொத்தத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. இதை உச்சவரம்பு என்று நினைத்து அதோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிகள் பல. 25,000 ரூபாயில் 10 சதவீதம் 2,500, பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. பிளீச்சிங் பவுடர், பினாயில், கை கழுவும் சோப்பு, துடைப்பம், கழிப்பறை பிரஷ் எல்லாம் அதற்குள் அடங்குமா என்று எந்தத் தலைமை ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். மிச்சத் தொகையில் பழுதான பொருட்களைச் சரிசெய்வது, சுண்ணாம்பு, தாள், கற்பித்தல் உபகரணம், இணையக் கட்டணம், சின்னச் சின்னக் கட்டடப் பழுது. விளையாட்டுக்குத் தனி மானியம் உண்டு: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. நூலகத்துக்கும் தனி. இவற்றை மாநில அளவில் மொத்தமாக வாங்கி அனுப்பினால் பள்ளிக்குப் பணம் வராது, பொருள்தான் வரும். வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் தணிக்கையில் "பொருள் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

செலவு செய்யும் வரிசை மாறக் கூடாது. முதலில் மேலாண்மைக் குழுத் தீர்மானம், பிறகு கடைகளிடம் விலைப்புள்ளி, பிறகு பொருள், பிறகு ரசீது, கடைசியில் பணம். பொருளை வாங்கிவிட்டு அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுவதுதான் தணிக்கையில் அதிகம் சிக்குவது. தீர்மானத்தின் தேதி 14, ரசீதின் தேதி 9 என்றால் எந்த விளக்கமும் எடுபடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. தலைவராக இருக்கும் அம்மாவிடம் மார்ச் மாதம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சட்டத்துக்கும் புறம்பு, அவருக்கும் ஆபத்து.

அடுத்து பிஎஃப்எம்எஸ், அதாவது அரசுப் பணம் வழங்கும் இணையத் தளம். கடைக்காரரை முதலில் பயனாளியாகப் பதிய வேண்டும்: பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. வங்கி அதைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பிய பிறகே பணம் போடலாம். இதற்கே சில நாள் ஆகும். இங்கே கவிழ்வது இரண்டு விதம். கடைப் பலகையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் உரிமையாளரின் பெயர். அல்லது பழைய ஐஎஃப்எஸ்சி. சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் இணைந்தன. ஆனால் கடைக்காரரின் ரசீதுப் புத்தகத்தில் இன்னும் பழைய எண்ணே அச்சாகியிருக்கும். ரசீதைப் பார்த்துப் பதியாமல், காசோலைத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பதிந்த பிறகு ஒருவர் செலவை உள்ளிட, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். பிறகு பணம் வழங்கும் ஆணை அச்சாகும். இரண்டு கையெழுத்தோடு வங்கிக்குப் போக வேண்டிய தாள் அது, அதற்கும் காலக்கெடு உண்டு. தாண்டினால் ரத்து செய்து மறுபடி எடுக்க வேண்டும். உள்ளிடும்போது செலவுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் தேவை. விளையாட்டுப் பந்தைப் பள்ளி மானியத் தலைப்பில் போட்டுவிட்டால் அந்தத் தலைப்பில் பணம் குறையும், விளையாட்டுத் தலைப்பில் செலவாகாமல் நிற்கும். இரண்டும் பயன்பாட்டுச் சான்றில் (பணம் எதற்குச் செலவானது என்று கொடுக்கும் சான்று) தவறாகத் தெரியும்.

இனி ஆசிரியர் பயிற்சிப் பணம். இது பள்ளிக்கு வருவதே இல்லை, அதனால் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. மாவட்டம் ஆண்டுத் திட்டமும் பட்ஜெட்டும் அனுப்பும், மாநிலம் அதைத் தொகுக்கும், டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியம் இத்தனை ஆசிரியர், இத்தனை நாள், தலைக்கு இவ்வளவு என்று முடிவு செய்யும். ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்பது பங்கு. செலவு நடப்பது மாநில, மாவட்ட, வட்டார நிலைகளில்: கருத்தாளர் (பயிற்சி தருபவர்) மதிப்பூதியம், பயணப்படி, தேநீர், மதிய உணவு, கையேடு.

தலைக்கு இவ்வளவு என்பதால்தான் இங்கே தவறு நடக்கிறது. 100 பேருக்கு ஒப்புதல், வந்தது 82 பேர், சாப்பாட்டு ரசீது மட்டும் 100 பேருக்கு. வருகைத் தாளில் காலை, மாலை இரண்டு கையெழுத்தும் இருந்தால் பிரச்சினை உடனே வெளிப்படும், எனவே சில இடங்களில் காலைக் கையெழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சமான 18 பேரின் பணத்தில் புரொஜெக்டர் பழுது பார்க்கவும் முடியாது, அது வேறு தலைப்பு. பயிற்சிக்கு முந்தின நாள் வரை உறுதியான எண்ணிக்கையை வாங்கிச் சமையல்காரருக்குச் சொல்வதே வழி.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. முதன்மைக் கருத்தாளர் சென்னையில் கேட்டதை மாவட்டத்தில் சொல்வார், மாவட்டத்தில் கேட்டவர் வட்டாரத்தில் சொல்வார், ஐந்து நாள் பொருள் இரண்டு நாளாகும், இரண்டு நாள் ஒரு பிபிடி ஆகும். 2022-இல் தொடங்கிய, தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் பயிற்சியில் கையேடும் பாட்டும் செயல்பாடும் ஆசிரியர் கைக்கே வந்ததால் இந்தத் தேய்மானம் குறைவு. வெறும் சொற்பொழிவாக வரும் பயிற்சிகள் கடைசிப் படியில் காலியாகவே வந்து சேரும்.

பயிற்சிக்குப் பிறகு வகுப்பில் வந்து துணை நிற்பதுதான் உண்மையான கற்பித்தல் உதவி. நெறிமுறைப்படி ஒரு வட்டார வள மையத்துக்குப் பாட வாரியாக ஆறு வளநபர்கள், மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்கு இரண்டு பேர், சராசரியாக 18 பள்ளிக்கு ஒரு குறுவள மையம். காகிதத்தில் நல்ல அமைப்பு. நடைமுறையில் வளநபராக இருக்கும் ஆசிரியர் பயிற்றுநரின் நாள் எமிஸ் நிலுவைப் பட்டியலைத் துரத்துவதில் போகிறது. ஒரு பாடவேளை முழுதும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, பிறகு ஆசிரியரோடு பத்து நிமிடம் பேசும் பயிற்றுநர் ஒருவர் கிடைத்தால் அந்த வட்டாரம் அதிர்ஷ்டம் செய்தது.

இந்த அமைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2024-25-இல் தெரிந்தது. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மேம்படுத்தும் ஒன்றிய அரசுத் திட்டமான பிஎம்ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. வரம்பு முறையில், மேலே பணம் இல்லையென்றால் கீழே வரம்பும் இல்லை. பள்ளியிடம் சேமிப்பு என்று ஒன்றும் இருக்காது.

வரம்பு தாமதமாக, பிப்ரவரியில் வந்தால் என்ன செய்வது? தீர்மானம், விலைப்புள்ளி, கடைக்காரர் பதிவு மூன்றையும் டிசம்பருக்குள் முடித்து வையுங்கள், இவற்றுக்கு வரம்பு தேவையில்லை. வரம்பு தெரிந்த அன்றே பொருள், ரசீது, ஆணை. மார்ச் 20-க்குப் பிறகு பிஎஃப்எம்எஸ் தளமும் வங்கியும் நெரிசலில் திணறும், பெயர் பிழையால் திரும்பிய பணத்தை மறுபடி அனுப்ப நாள் இருக்காது. ஏப்ரலில் கடைக்காரர் பழைய ரசீதோடு வந்து நின்றால், அதைப் புதிய ஆண்டு வரம்பில் கட்டத் தணிக்கை விடாது. கடைசியில் தலைமை ஆசிரியரின் சட்டைப் பைதான்.