613.9 அலமாரியும் ஒரு காதல் நாவலும்

காலையில் நூலகம் திறப்பதற்கு முன்னால் அலமாரிகளைச் சரிபார்க்க வேண்டும். இடம் மாறிக் கிடக்கும் புத்தகங்களை எடுத்து அதனதன் எண்ணில் திருப்பி வைப்பது என் வேலை. நியூ ஜெர்சியில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஓர் ஊரின் பொது நூலகத்தில், பதின்வயதினர் பிரிவில் 11 வருடமாக இதைச் செய்கிறேன். 613.9 எண்ணுள்ள புத்தகங்கள் மட்டும் தங்கள் இடத்தில் இருப்பது அபூர்வம். நூலகப் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி வகைப்பாட்டில் கருத்தடை, பாலியல் நலம் பற்றிய நூல்களுக்கு உரிய எண் அது. கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வுப் புத்தகங்களுக்குப் பின்னால் கிடைக்கும். ஒருமுறை பெரிய உலக வரைபடத் தொகுதிக்குள் ஒன்று இருந்தது. யாரோ நின்றபடியே படித்துக்கொண்டிருந்து, காலடிச் சத்தம் கேட்டதும் கைக்கு எட்டிய இடத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகிற பிள்ளைகள் குறைவு. அட்டையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பையைத் திறக்கும் அம்மா முதலில் பார்ப்பதும் அதைத்தான். இளையோருக்கான காதல் நாவல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதுகில் 'ஒய்ஏ' (யங் அடல்ட், இளையோர்) ஒட்டுத்தாள், அட்டையில் இரண்டு பேர், அவ்வளவுதான். மற்ற நாவல்களோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விடும். பிள்ளைகள் இவற்றைத் தேடி வருவதற்கு இதுதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய காரணத்தை எனக்குச் சொன்னது, கோடையில் எங்களுக்கு உதவி செய்ய வந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண். "ஆன்ட்டி, ஹெல்த் கிளாஸ்ல எல்லாமே சொல்லித் தர்றாங்க. எது எங்க இருக்கு, என்ன மாத்திரை, என்ன நோய், எல்லாம் தெரியும். ஆனா ஒருத்தர் கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு யாரும் சொல்லித் தரல" என்றாள். புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். பாடப்புத்தகப் படத்தில் கர்ப்பப்பைக்குப் பெயர் இருக்கும். அந்த உடம்புக்குரிய பெண் காரின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் அவன் போய்விடுவானோ என்று தவிப்பதைப் படத்தில் வரைய முடியாது. அதற்குக் கதைதான் வேண்டும்.

எங்கள் அலமாரியில் அப்படி ஒரு கதை 1975இலிருந்து இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் எழுதிய 'ஃபாரெவர்', அதாவது 'என்றென்றைக்கும்'. அவர் இதே நியூ ஜெர்சியில், எலிசபெத் நகரில் பிறந்தவர். கதையும் இங்கே பக்கத்தில் வெஸ்ட்ஃபீல்டில் நடக்கிறது. அந்தக் காலத்து இளையோர் நாவல்களில் எல்லை மீறிய பெண்ணுக்குக் கதாசிரியர் தண்டனை கொடுத்தே தீருவார்: கர்ப்பம், அவமானம், சில சமயம் சாவு. ப்ளூமின் மகள், இரண்டு நல்ல பிள்ளைகள் நெருங்கிப் பழகியும் யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். அப்படிப் பிறந்ததுதான் இந்த நாவல். கேத்ரினும் மைக்கேலும் பள்ளிக் கடைசி வருடத்தில் இருப்பவர்கள். நாவலில் என்னைக் கவர்ந்தது அவர்களுடைய காதல்கூட இல்லை, அதைச் சுற்றி நடக்கும் பேச்சுதான். பாட்டி பேத்திக்குக் கருத்தடை பற்றிய துண்டுப் பிரசுரங்களைத் தபாலில் அனுப்புகிறார். கேத்ரின் தானே நேரம் குறித்து மருத்துவமனைக்குப் போகிறாள். பரிசோதனை எப்படி நடந்தது, என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் பூசி மெழுகாமல் வருகிறது. அம்மா ஒரு நாளிதழ்க் கட்டுரையை மகளிடம் படிக்கக் கொடுக்கிறாள். இந்த உறவுக்கு உடலுறவு தேவையா, உதவி வேண்டுமானால் எங்கே போவாய், இந்த உறவு எப்படி முடியும் என்று யோசித்தாயா என்ற கேள்விகள் அதில் இருக்கின்றன. அந்த அம்மா ஒரு நூலகர். முதல்முறை படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் காதல் முடிந்துபோகிறது. கேத்ரினுக்கு அதனால் ஒரு கேடும் வருவதில்லை. என்றென்றைக்கும் என்று சொன்னவள் மனம் மாறுகிறாள், அழுகிறாள், வளர்கிறாள். பலருக்குப் பொறுக்காமல் போனது இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த, 1990களில் அதிக எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களின் பட்டியலில் முதல் பத்துக்குள் இது இருந்தது. 2024 ஆகஸ்டில் யூட்டா மாநிலம் எல்லா அரசுப் பள்ளிகளிலிருந்தும் நீக்கச் சொன்ன முதல் 13 புத்தகங்களிலும் இது ஒன்று. அதே வருடம் டிசம்பரில் எங்கள் மாநிலத்தில் ஆளுநர் பில் மர்ஃபி, வாசிக்கும் சுதந்திரத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். நல்லெண்ணத்தோடு வேலை செய்யும் நூலகர்களுக்கு அது பாதுகாப்பு. அன்றைக்கு எங்கள் மேசையில் யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் எல்லோருடைய தோளும் கொஞ்சம் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

நாவலில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். எச்ஐவி பற்றி உலகம் அறியும் முன்பே எழுதியது. பின்னால் வந்த பதிப்புகளில், பொறுப்பு என்பது கர்ப்பத்தைத் தடுப்பதோடு முடியாது, நோய்த்தொற்றையும் தடுக்க வேண்டும் என்று ப்ளூமே முன்குறிப்பு எழுதியிருக்கிறார். கோடையில் உதவிக்கு வந்த அந்தப் பெண்ணைச் சங்கடப்படுத்தியது வேறு. மைக்கேல் திரும்பத் திரும்பக் கேட்கும் இடங்களைக் காட்டி, "ஒரு தடவை வேணாம்னு சொன்னா போதாதா ஆன்ட்டி?" என்றாள். போதும் என்றேன். 1975இல் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள், இவள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தை அவளுக்குள் கிளப்பியதும் அதே பக்கங்கள்தான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஒரு தமிழ் அம்மா அந்தப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். மகளின் பையில் கிடைத்ததாம். "இதப் படிக்கிறதுக்கா அக்கா இங்க அனுப்பறோம்?" குரல் நடுங்கியது. பள்ளியில் பாலியல் கல்வி வகுப்பிலிருந்து மகளுக்கு விலக்கு கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தவர். இந்த மாநிலத்தில் பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. மகள் வேறு என்னென்ன எடுத்திருக்கிறாள் என்று கேட்டார். சொல்ல முடியாது, யார் என்ன எடுத்தார் என்பது ரகசியம், அதுவும் சட்டம் என்றேன். "நீங்களும் ஒரு அம்மாதானே?" என்று கேட்டார்.

ஆமாம், அம்மாதான். என் மகளிடம் இதையெல்லாம் நான் பேச ஆரம்பித்தது அவள் கல்லூரிக்குப் போன பிறகு. அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"படிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"அட்டையப் பார்த்தேன், உள்ள நாலு வரி பார்த்தேன்."

அம்மா கட்டுரை கொடுக்கும் இடத்தை எடுத்துக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தவர் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு பக்கம், மூன்று பக்கம் போனது. அப்புறம் தலையைத் தூக்கி, "இந்தக் கதையில வர்ற அம்மா இங்கிலீஷ்ல பேசிடறா அக்கா. நாம தமிழ்ல இதுக்கெல்லாம் என்ன சொல்றது?" என்றார்.

அதற்குச் சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உடம்பைப் பற்றி நம்மிடம் இரண்டு வகைச் சொற்கள்தான். ஒன்று பாடப்புத்தகத்தில், இன்னொன்று தெருச்சண்டையில். நடுவில் ஒரு தாய் மகளிடம் சமையலறையில் நின்று சொல்லும்படியான சொற்கள் கொஞ்சம்தான். 'அது', 'அந்த மாதிரி', 'தப்பு தண்டா' என்றே காலத்தை ஓட்டிவிட்டோம். இருவரும் ஒரு துண்டுத்தாளில் எழுத ஆரம்பித்தோம். கருத்தடை, சரி. மாதவிடாய், அதைப் பேச அவருக்குக் கூச்சமில்லை. உடலுறவு என்ற சொல்லை அவர் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாய்விட்டுச் சொன்னார். சம்மதம் என்று நான் எழுதியதும் நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்ட சொல் அது. "பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டாங்க. எங்க அப்பா சம்மதம்னார்" என்றார். கொஞ்ச நேரம் நாங்கள் எதுவும் எழுதவில்லை.

கிளம்பும்போது புத்தகத்தைத் தன் நூலக அட்டையில் எடுத்துக்கொண்டார். கெடு மூன்று வாரம். இரண்டாவது வாரமே வந்து நின்றார். புத்தகம் கையில் இல்லை.

"இன்னொரு காப்பி இருக்கா அக்கா? அவ மறுபடி எடுத்து வச்சுக்கிட்டா. நான் இன்னும் முடிக்கல."