தொண்டைக் கதிர்

மார்கழி 3
தெற்கு வயலில் எலி வெட்டு. ஓரத்தில் நாலைந்து வரிசையை விட்டுவிட்டு நடுவில் இறங்கியிருக்கிறது. வரப்பில் நின்று பார்த்தால் பயிர் முழுசாகத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் தூரின் அடியில் சாய்வாக, அரிவாள் பட்ட மாதிரி. எல்லாம் தொண்டைக் கதிர், கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள்ளேயே இருக்கிற பருவம். இனிமேல் புதுத் தூர் வெடித்தும் பிரயோஜனமில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்கழி 4
"தெக்கால போனியாம்மா?" என்றார். போகவில்லை என்றேன்.

மார்கழி 6
நேற்று சாயங்காலம் வளைகளை எல்லாம் மண் வைத்து அடைத்தேன். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. பக்கத்து வயல் வரப்பில் வரிசையாகத் திறந்திருந்தன. வரப்புக்கு 45 சென்டிமீட்டர் அகலம், 30 உயரம் போதும் என்று வேளாண்மைத் துறையில் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர் வரப்பில் டிராக்டரே ஓட்டலாம். சேர்ந்து பிடித்தால்தானே ஒழியும்? நாம் மட்டும் பிடித்தால் அங்கிருந்து இங்கே வரும். கேட்டதற்கு, "உங்க எலிதான் எங்கிட்ட வருது" என்கிறார். என்னத்தைச் சொல்ல.

மார்கழி 7
அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்கழி 8
எலி பிடிக்கிற கிட்டிக்காரர் வந்தார். மூங்கில் பத்தையை வில்லாக வளைத்துக் கட்டுகிற அதே பழைய தஞ்சாவூர்க் கிட்டி. இருட்டுவதற்குள் வைத்து, விடியும்முன் எடுக்க வேண்டும். தாமதித்தால் எலியோடு சேர்த்து நாய் இழுத்துக்கொண்டு போய்விடும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம்.

மார்கழி 9, இரவு
அப்பா கட்டிலுக்கு நேர் கீழே பறிக்கிற சத்தம். கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் போட்டு அடைத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் புதுசாக மண் தள்ளியிருக்கிறது. அவரும் தூங்கவில்லை. "எலியில்ல. பெருச்சாளி" என்றார், தெளிவாக.

மார்கழி 11
கடையில் ஜிங்க் பாஸ்பைடு என்கிற எலி மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். 49 பங்கு பொரிக்கு ஒரு பங்கு. முதலில் மருந்து கலக்காத பொரியை வைத்துப் பழக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வாய் தின்று பிழைத்த எலி மறுபடி தொடாது. வயிற்றில் பட்டதும் பாஸ்பின் வாயு வரும். மாற்று மருந்து கிடையாது. வாங்கவில்லை.

கூகை ஆந்தையை நினைத்தும்தான். வயலில் நட்ட டி வடிவக் குச்சியில் தினமும் வந்து உட்காருகிறது. அடியில் அது கக்கிய உருண்டை ஒன்று கிடந்தது. குச்சியால் பிரித்தேன்: சாம்பல் மயிர், ஒரு தாடை எலும்பு, அதில் மஞ்சளாக நீண்ட முன்பல். மருந்து தின்ற எலியை அது தூக்கினால்?

மார்கழி 12
அத்தை வந்திருக்கிறாள். "ராத்திரி அலறுறது உன் காதுல விழலையாடி? ஆளு படுத்துக் கிடக்கிற வீட்டுக்கு எதிர்ல கூகைக்குத் திண்ணை கட்டி வச்சிருக்கே!"

பதில் பேசவில்லை. ஆனால் ராத்திரி அது கத்தியபோது எழுந்துபோய் அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன்.

மார்கழி 13
வீட்டோரக் குச்சியைக் காணோம்.

மார்கழி 14
அப்பா சத்தம் போட்டார். இத்தனை நாளில் முதல் தடவை. குச்சியை அத்தையே கொண்டுவந்து போட்டாள். நட்டேன்.

மார்கழி 16
ரிப்போர்ட் வந்துவிட்டது. நாளைக்கே தஞ்சாவூருக்குக் கூட்டி வரச் சொல்கிறார்கள். கிட்டிக்காரரிடம் மோட்டார் சாவியைக் கொடுக்கணும்.