செல்லாத நோட்டு

"அதைக் கிழிச்சுடாத கண்ணு, அது எங்க அப்பாவோட கடை."

பக்கத்து வீட்டுப் பாட்டியின் இரும்புப் பெட்டியை ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு நூறு கியாட் நோட்டு. பர்மா பணம். நாலாய் மடித்து மடித்து, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

ரங்கூனில் அவர்களுக்கு மளிகைக்கடை. 1964 மார்ச்சில் நெ வின் என்ற ராணுவத் தளபதியின் அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. மே 17-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. சரி, கடைதான் போச்சு, கையில் காசாவது இருக்கிறதே என்று நினைத்திருந்த வீடு அது.

பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது. கப்பலேறி மெட்ராஸ் வந்து இறங்கி, வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். அக்காவின் கல்யாணம் நடக்கவே இல்லை.

லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படித் திரும்பி வந்தார்கள். வரலாற்றில் அது ஒரு வரி. அந்த அக்கா எந்த வரியிலும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்றதும், தெருவே வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பாட்டி மட்டும் உள்ளே போய் மளிகை டப்பாக்களைக் கவிழ்த்துக் காசை எண்ணினார். பேங்க் திறந்த அன்று எங்கள் தெருவிலிருந்து முதலில் வரிசைக்குப் போனவர் அவர்தான்.

அக்காவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அப்புறம் அவர் சமைக்கும் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நாளையிலிருந்து போனில் பதிவு செய்யப் போகிறேன், கப்பல் பயணத்திலிருந்து.