சல்வீனியா மூடிய நீரில் எதை எண்ணுவது?

நீரில் மிதந்து படரும் களையான சல்வீனியா இலங்கைக்கு வந்தது 1939இல், கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காக. இன்று உயர்தர உயிரியல் மாணவர்களை கொழும்புக்கு அருகிலுள்ள பெல்லன்வில–அத்திடிய ஈரநிலப் பக்கம் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்குச் சில விடயங்கள்.

களை எவ்வளவு நீரை மூடியிருக்கிறது என்று கணக்கிட, பிவிசி குழாயில் 1 மீட்டர் சதுரச் சட்டம் செய்யுங்கள். கரையோரமாக 10 மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். களை அடர்ந்த இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள். களைக்கு அடியிலும் திறந்த நீரிலும் கரைந்த ஒட்சிசனை ஒரே காலையில், ஒரே ஆழத்தில் அளக்க வேண்டும். அடர்ந்த படலம் வெளிச்சத்தை மறைப்பதால் நீருக்குள் ஒளித்தொகுப்பு குறைகிறது, அடியில் அழுகும் இலைகளோ இருக்கிற ஒட்சிசனையும் உறிஞ்சுகின்றன. மீன் குறைந்தால் மீன்கொத்தியும் நீர்க்காகமும் வேறு இடம் தேடும். ஆனால் நீளவால் இலைக்கோழி மிதக்கும் இலைகளில் நடந்து இரை தேடும் பறவை. 'களை வந்தால் எல்லாப் பறவையும் குறையும்' என்று தயவுசெய்து கற்பிக்காதீர்கள், இனம் இனமாக எண்ணச் சொல்லுங்கள்.

பறவைக் கணக்கு காலை 6 முதல் 8 வரை, ஓர் இடத்தில் 10 நிமிடம். திறந்த நீரில் பறவை இலகுவாகக் கண்ணில் படும், களைக்குள் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பறவைக்கும் எவ்வளவு தூரத்தில் கண்டீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

திரும்பும்போது சப்பாத்து, வலை, வாளி எல்லாவற்றையும் அங்கேயே கழுவிக் காயவிடுங்கள். சல்வீனியாவின் சிறு துண்டொன்றே அடுத்த குளத்துக்குப் போதும்.