லைன் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்தால் முதல் பத்து நாள்

திருப்பூரில் லைன் வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்தால் அட்வான்ஸ் வாங்குகிறோம், ஆதார் ஜெராக்ஸ் வாங்குகிறோம், கரண்டு யூனிட்டுக்கு எவ்வளவு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஜெராக்ஸை உள்ளே வைக்கும் முன் பாஸ்புக், ரேஷன் கார்டு இரண்டையும் கேட்டு வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பீகார், ஜார்கண்ட், ஒடிசா, வங்கத்துக்காரர்கள் இங்கே படும் அலைச்சலில் பெரும்பங்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஒன்றில் ‘முகமது’ முழுதாக இருக்கும், இன்னொன்றில் ‘எம்டி’ என்று சுருக்கியிருக்கும். கல்யாணத்துக்கு முன் ‘குமாரி’யாக இருந்த பெண், ரேஷன் கார்டில் ‘தேவி’ ஆகியிருப்பார். நமக்கு இது ஒரு எழுத்து விஷயம். கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்.

அடுத்து போன் நம்பர். ஆதாரில் சேர்த்த சிம்மை ஊரிலேயே விட்டுவிட்டு, இங்கே இறங்கியதும் புது சிம் போடுகிறார்கள். பிறகு எந்த வேலைக்குப் போனாலும் ஓ.டி.பி. எங்கோ ஒரு கிராமத்தில் அண்ணன் போனில் போய் விழும். நம்பரை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கலாம். தனியாக டாக்குமென்ட் எதுவும் தேவையில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை போனால் பல மையங்கள் பூட்டியிருக்கும். அரை நாள் லீவு கொடுத்து அனுப்பும் சூப்பர்வைசர் செய்வது பெரிய உதவி.

இனி இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. தையல் பவர்டேபிளோ செக்கிங்கோ, ஹெல்பராகச் சேர்ந்தாலும் சரி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள எல்லோருக்கும் இது உண்டு. ஒன்றரை ஷிப்ட் போட்டால் 21,000 தாண்டிவிடும் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். ஓவர்டைம் அந்த வரம்புக் கணக்கில் சேராது. சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். கான்ட்ராக்ட்காரர் கட்டாமல் விட்டால் கம்பெனிதான் கட்டியாக வேண்டும்.

சேர்ந்த பத்து நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. “ஆளு நிப்பானான்னு பாத்துட்டுப் போட்டுக்கலாமுங்க” என்று தள்ளிப்போடுவது நம்மூர் வழக்கம். ஆனால் புது ஆள்தான் மெஷினில் கையைக் கொடுத்துவிடுகிறான். அடிபட்ட பிறகு அவசரமாகப் பதிந்தால் தேதி காட்டிக்கொடுத்துவிடும், கேஸ் இழுக்கும். முன்பே பதிந்திருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. எத்தனை நாள் கட்டியிருக்கிறார் என்ற கேள்வியே இல்லை. காயத்தால் மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் போனால், தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். 500 ரூபாய் கூலிக்காரர் 20 நாள் படுத்தால் 9,000 ரூபாய். காய்ச்சல், மஞ்சள் காமாலை மாதிரி சாதாரண நோய்க்கு வரும் பணம் வேறு கணக்கு. அது 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் கிடைக்காது. வைத்தியம் மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. காயத்துக்கு வரும் பணத்தையும் நோய்க்கு வரும் பணத்தையும் குழப்பிக்கொண்டு, “ஒம்பது மாசம் ஆகல, ஒண்ணும் கிடைக்காது” என்று அடிபட்டவனையே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பதியும்போது குடும்பத்தாரை விட்டுவிடாதீர்கள். மனைவி குழந்தைகள் ஊரிலேயே இருந்தால் அவர்களுக்கு அங்கே ஒரு டிஸ்பென்சரியைத் தனியாகக் குறிக்கலாம். பத்து இலக்க நம்பரோடு வரும் இ-பெஹ்சான் என்ற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொடுத்துவிட வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடந்து பயனில்லை.

பத்துப் பேர் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டில் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்காது. அங்கே அடிபட்டால் முதலாளியிடம் சட்டப்படி நஷ்டஈடு கேட்பதுதான் வழி. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100-க்குப் போன் போடலாம். அதற்கு முன் வெள்ளைத்தாளில் கைரேகை வாங்க யாரையும் விடாதீர்கள்.

பி.எஃப். விஷயத்தில் ஒரே கேள்வி: இதற்கு முன் சூரத்திலோ பெங்களூரிலோ பிடித்தார்களா? பிடித்திருந்தால் அந்தப் பழைய 12 இலக்க யூ.ஏ.என். நம்பரையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது நம்பர் உருவாகி, பழைய பணம் தனியாகத் தூங்கும்.

பேங்க் கணக்கு பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும், புதிது வேண்டியதில்லை. கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை மட்டும் சரிபாருங்கள். அலகாபாத் பேங்க் 2020 ஏப்ரலில் இந்தியன் பேங்கோடும், யுனைடெட் பேங்க் அதே மாதம் பஞ்சாப் நேஷனல் பேங்கோடும் சேர்ந்துவிட்டன. பீகாரிலும் ஒடிசாவிலும் கிராமிய வங்கிகள் 2025 மே 1 முதல் மாநிலத்துக்கு ஒன்றாக இணைந்தன. பழைய பாஸ்புக்கில் அச்சடித்த ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைப் பார்த்து நிரப்பினால் சம்பளம் திரும்பி வரும். புதுக் கணக்கே தேவையென்றால் ஆதாரில் ஊர் முகவரி இருப்பது தடையில்லை. இப்போதைய முகவரியைச் சுயமாக எழுதிக் கொடுத்தால் போதும் என்பதுதான் ரிசர்வ் பேங்க் விதி.

ரேஷனுக்கு வருவோம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அவர்கள் ஊர்க் கார்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருந்தால், இங்கே எந்தக் கடையிலும் ஆதாரோ கார்டு நம்பரோ சொல்லிக் கைரேகை வைத்து ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாக வாங்கலாம். பருப்பு, பாமாயில், சர்க்கரை கிடையாது. அவை நம் மாநிலக் கார்டுக்கு. ஊரில் இருக்கிற அம்மா அந்த மாதத்தின் முழுப் பங்கையும் எடுத்துவிட்டால் இங்கே மெஷின் பூஜ்யம் காட்டும். பங்கைப் பிரித்து வாங்க வழி இருப்பதால், யார் எத்தனை பேருக்கு எடுப்பது என்று போனிலேயே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார்டில் இ-கே.ஒய்.சி. (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது) முடிக்காத பெயருக்கும் சிக்கல் வரும். தகவலுக்கு 14445.

கைரேகை விழாதது தனித் தலைவலி. டையிங், பிளீச்சிங்கில் கெமிக்கலில் கை வைப்பவர்களுக்கும், கோவை ஃபவுண்டரியில் மணல் அள்ளுபவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வேறு விரல்களை வைத்துப் பார்க்கலாம், பத்து விரலும் பதிவில் உண்டு. கருவிழி பார்க்கும் கருவி கடையில் இருந்தால் அதைக் கேளுங்கள்.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர் அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கலாம், முகவரி வேண்டாம். பெட்டிக்கடையில் சின்ன அடுப்புக்குக் கேஸ் ஏற்றித் தருவதை லைன் வீட்டுக்குள் விடாதீர்கள். வாஷர் போன ஒரு சிலிண்டர் போதும், வரிசையே எரியும்.

குழந்தைகள்: டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, ஜூன் தாண்டிவிட்டது என்ற எந்தக் காரணத்துக்கும் அரசுப் பள்ளி மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். தமிழ் தெரியாத பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடுவான். தலைமையாசிரியர் தயங்கினால் வட்டார வள மையத்தில் பேசுங்கள்.

கர்ப்பிணி இருந்தால் சுகாதார செவிலியரிடம் சொல்லிக் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்குவது முதல் வேலை. அது இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றுக்கு அலைய வேண்டிவரும். பிரசவத்துக்கு ஊருக்குப் போனாலும் அந்த அட்டையை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

கதவுக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். கதவு எண், வீதி, வார்டு, பக்கத்துப் பஸ் ஸ்டாப், வீட்டு ஓனர் நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர், 108. தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும். ராத்திரி 108-க்குப் போன் போட்டுவிட்டு எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரியாமல் நிற்பவர்கள் நிறைய. ரோட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசம், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும்.

தீபாவளி, சத் பூஜைக்கு ஊர் போகும்போது மிச்ச வேலையை முடிக்கலாம்: பாஸ்புக்கில் புது ஐ.எஃப்.எஸ்.சி. எண், கார்டில் இ-கே.ஒய்.சி., பையன் படித்த பள்ளியிலிருந்து ஒரு சான்று. தன்பாத் ரயிலுக்கு டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். போகும் டிக்கெட் போடும்போதே திரும்பும் டிக்கெட்டையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.