லாரி ஓட்டப் போகிறவர் எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படிக்க வேண்டிய விதம்

லாரி ஓட்ட வேண்டும் என்ற ஆசையோடு எங்கள் கேத்திப் பக்கத்திலிருந்து ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லும் இளைஞர்களில் பலர், கணினி முன் அமர்ந்து எழுதும் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தேர்வை ஒரு சடங்காகவே நினைக்கிறார்கள். கைப்பேசியில் கிடைக்கும் வினா விடைத் தொகுப்பை இரண்டு இரவு உருப்போட்டால் தேவையான 60 சதவீதம் வந்துவிடும், லாரி பற்றியதையெல்லாம் கனரக உரிமத்துக்குப் போகும்போது படித்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கு தவறானது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 11-ஆம் விதிப்படி, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் ஏற்கெனவே வைத்திருப்பவர் இந்த முதல்நிலைத் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்பவருக்கு வயது 20 நிறைந்திருக்க வேண்டும். கார் போன்ற இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே லாரிக்கு விண்ணப்பிப்பவர் முன்பே ஓர் உரிமம் உள்ளவராகத்தான் இருப்பார். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள், வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஆனால் சாலை விதிகளைக் கேள்வியாகக் கேட்பது, 18 வயதில் கார் உரிமத்துக்காக எழுதிய அந்த ஒரு தேர்வோடு முடிந்துவிடுகிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக உரிமத்தோடே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. பிக்கப் வண்டியில் கேரட் மூட்டை ஏற்றி மலை இறங்கும் பையனுக்கு இது பிழைப்புக்கு வழி என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவன் கனரகப் பயிற்சியின் பக்கமே போகாமல் லோடு வண்டி ஓட்டுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்தத் தேர்வுக்கு, நாளை லாரி ஓட்டப் போகிறவனாக எண்ணிக்கொண்டு படியுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

என் அக்கா மகன் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். பல ஆண்டுகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் காய்கறி கொண்டு இறக்கியவன் நான் என்பதால், மாலை நேரங்களில் அவனோடு உட்காருகிறேன். மலைப்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி வந்தது. "ஏறுற வண்டிக்குத்தான் மாமா, ரெண்டாவது விடை" என்றான். "ஏன்னு சொல்லு" என்றேன். தொகுப்பில் அதற்கு விளக்கம் இல்லை. பத்து டன் ஏற்றிய லாரி, ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு கடினம், கிளட்ச் எப்படிப் புகையும், பின்னால் உருளாமல் இருக்கக் கிளீனர் கட்டையோடு எப்படி ஓட வேண்டும் என்பதை விளக்கிய பிறகு அந்த விடை அவனுக்கு மறக்கவே இல்லை.

இறக்கம் பற்றிய கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையம் அதைவிட ஏறக்குறைய 1,500 மீட்டர் கீழே. இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் கொதித்து, அதை உரசி நிறுத்தும் லைனர் தன் பிடிமானத்தை இழக்கும். பர்லியாறு பக்கம் சில வண்டிகளிடமிருந்து வரும் கருகல் வாடை அதுதான். காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக் வண்டியில் விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருந்தால், கம்ப்ரசர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று செலவாகி, மீட்டரில் முள் இறங்கத் தொடங்கும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். கியரில் இருக்கும்போது சக்கரங்கள் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் தானாகவே கட்டுப்படும். நியூட்ரலில் அந்தத் தடை இல்லாமல் முழுச் சுமையும் பிரேக் மீது விழுகிறது. நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னமும் சொல்கிறார்கள். இன்றைய மின்னணு இன்ஜெக்‌ஷன் வண்டிகள், கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசலையே நிறுத்திவிடுகின்றன. ஆகவே அந்த வாதமும் நிற்காது.

சின்னங்களுக்கு, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பெயர் எழுதாமல் படம் மட்டும் வரைந்து வைத்தோம். முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு வளையம் தடை அல்லது வரம்பு, நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது என்ற பகுப்பு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. காரோட்டிகள் பொருட்படுத்தாத சின்னங்கள்தான் லாரிக்காரருக்கு முக்கியம். சிவப்பு வளையத்துக்குள் எண்ணின் மேலும் கீழும் சிறு முக்கோணங்கள் இருந்தால் அது உயர வரம்பு. இரு பக்கமும் இருந்தால் அகல வரம்பு. டன் கணக்கில் எண் இருந்தால் எடை வரம்பு. அந்த எடை என்பது லோடு மட்டுமல்ல, வண்டியும் லோடும் சேர்ந்தது என்பதை பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்து, அதில் தனித்தனியே எழுதப்பட்டுள்ள வெறும் வண்டி எடையையும் மொத்த எடையையும் காட்டிப் புரியவைத்தேன். இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை வரம்பு 2018-இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது; அதை மீறினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு.

ஆளில்லா ரயில்வே கேட் பற்றிய கேள்வியைப் பையன்கள் தேவையற்றது என்பார்கள். அகல ரயில் பாதைகளில் அத்தகைய கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டன என்பது உண்மைதான். ஆனால் சட்டம் சொல்லும் முறையைக் கவனியுங்கள்: வண்டியை நிறுத்தி, கிளீனர் இறங்கித் தண்டவாளம் வரை நடந்து சென்று பார்த்து, வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும், கிளீனர் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். மண் சரிந்து பாதி அடைபட்ட வளைவிலும், மூடுபனியில் எதிரே ஒன்றும் தெரியாத இடத்திலும் நான் கடைப்பிடித்தது இதே முறையைத்தான்.

விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை என்ன என்பதைச் சொந்த வார்த்தையில் சொல்லும்வரை படிக்க வேண்டும். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதுதான் முதல் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகக்கூடும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. அப்போதும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்றவரை விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தகவல் தெரிவித்தாக வேண்டும். வண்டியை விட்டுவிட்டு ஓடிவிடு என்று மூத்தவர்கள் சிலர் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆவணங்களைப் பொறுத்தவரை, உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றோடு சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றான எஃப்.சி.யும் பெர்மிட்டும் சேரும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தேர்ச்சி பெற்றதும் கிடைக்கும் எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். அந்த நாட்களில் எல் போர்டு மாட்டி, உரிமம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேத்தி, எல்லநள்ளிப் பக்கத்துச் சிறு ஏற்ற இறக்கங்களில் இரண்டாவது கியரில் இறங்கிப் பழகுங்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு அவசரம் வேண்டாம்.