பாட்டு டீச்சரின் கேசட்டுகளும் ஹையர் கிரேடு தேர்வும்

இருபது வருடம் பாட்டை விட்டிருந்து, மறுபடி இசை ஹையர் கிரேடு தேர்வு எழுத உட்கார்ந்தபோது எனக்குத் துணையாக இருந்தவை பதினாறு கேசட்டுகள். தொண்ணூறுகளில் பாட்டு டீச்சர் தம்பூராவை மீட்டிக்கொண்டே எனக்காகப் பாடிக் கொடுத்த பாடங்கள். எல்லாமே சி-90, ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். அவற்றைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்யக் காசு அதிகம் செலவாகாத மென்பொருள் எது என்று தேடி, தப்புச் செய்து, கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இசை மாணவர்களுக்கு உதவும்.

முதலில் மென்பொருளுக்குப் போகாதீர்கள். டேப் ரிக்கார்டரைப் பாருங்கள். டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படிந்திருக்கும் பழுப்பு அழுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே ஒலியின் பாதி மந்தம் போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது. கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். லேப்டாப்பின் மைக் துளை இதற்கு ஏற்றதல்ல. டேப் ரிக்கார்டரின் ஒலியை நேரே வாங்கும் 'லைன் இன்' துளை உள்ள சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். நான் செலவு செய்தது இதற்கு மட்டும்தான். பதிவாகும்போது ஒலி அளவு உச்சத்தில்கூட மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு மீறிச் சிதைந்த குரலை அப்புறம் முழுதாக மீட்க முடியாது.

சரி, மென்பொருள். நான் முயன்று பார்த்தவை மூன்று. ஓஷன்ஆடியோ இலவசம், பார்க்க எளிது. வெட்டி ஒட்டுவதற்கு நன்றாக இருக்கிறது. ரீப்பரை 60 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆனால் அது பல டிராக்குகளில் இசை ஒலிப்பதிவு செய்பவர்களுக்கான கருவி. கேசட்டுக்காக மட்டும் அதைக் கற்பது வீண் உழைப்பு. கடைசியில் நிலைத்தது ஆடாசிட்டி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நமக்கு வேண்டிய எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஐசோடோப் ஆர்எக்ஸ் போன்ற காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இன்னும் நுட்பமாகச் சுத்தம் செய்யும், ஆனால் பாடம் கேட்பதற்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இப்போது நான் செய்த தப்பு. ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்க, முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் காட்ட வேண்டும். டீச்சர் பாடாமல் நிறுத்திய ஓர் இடத்தைக் காட்டினேன். இரைச்சலைக் குறைக்கும் அளவை 24 டெசிபலுக்கு ஏற்றினேன். கேசட்டின் 'ஸ்ஸ்' சத்தம் துளிகூட இல்லை. பெருமையாக டீச்சரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். ஹெட்போனைக் காதில் வைத்தவர் ஒரு நிமிடம் கேட்டார். "ஏம்மா, தம்பூரா எங்கே?" என்றார்.

அவர் நிறுத்திய இடத்தில் தம்பூரா நிற்கவில்லை. மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் மென்பொருள் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்து அழித்துவிட்டது. அதோடு போகவில்லை. பைரவி ராகத்தில் 'த' என்ற தைவத ஸ்வரம் இரண்டு வகையிலும் வரும். எது எங்கே என்பதைக் குரலின் மெல்லிய அசைவில்தான் பிடிக்க வேண்டும். அந்த அசைவு மழுங்கி, குடத்துக்குள் இருந்து பாடுவதுபோல ஆகிவிட்டது. தேர்வுக்கு எனக்கு வேண்டியதே அதுதானே!

ஆகவே, தம்பூராவோ சுருதிப் பெட்டியோ தொடங்குவதற்கு முன்னால், டேப் மட்டும் ஓடும் இரண்டு மூன்று விநாடியை மாதிரியாக எடுங்கள். குறைக்கும் அளவை 6 டெசிபலில் வையுங்கள். அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டு முன்னோட்டம் கேட்டால், எது நீக்கப்படப் போகிறது என்பது மட்டும் ஒலிக்கும். அதில் வெறும் இரைச்சல் கேட்டால் சரி. குரலின் நிழலோ தம்பூராவின் ரீங்காரமோ கேட்டால் அளவைக் குறையுங்கள். கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருக்கட்டும். பத்து நிமிடத்தில் காது பழகிவிடும். 'கிளிக்' நீக்கும் வசதியைத் தொடவே வேண்டாம், அது இசைத்தட்டுகளுக்கானது.

அடுத்தது சுருதி. டீச்சர் பாடுவது ஐந்து கட்டை சுருதியில். என் பதிவில் ஐந்தரை கட்டையாக ஒலித்தது, டேப் ரிக்கார்டர் வேகமாக ஓடியிருக்கிறது. பலர் 'பிட்ச்' மாற்றும் வசதிக்குப் போகிறார்கள். அது சுருதியை மட்டும் இறக்கும், காலப்பிரமாணம், அதாவது பாட்டின் ஓட்டம், வேகமாகவே இருக்கும். ஓட்டம் தப்பினால் இரண்டும் சேர்ந்தே தப்பும் என்பதால் 'ஸ்பீடு' மாற்றும் வசதிதான் சரி. அரைக் கட்டை இறங்க வேகத்தை 5.6 சதவீதம் குறைத்தேன், என் சுருதிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

படிப்பதற்கு உதவியது 'டெம்போ' வசதி. சுருதி மாறாமல் ஓட்டத்தை மட்டும் 25 சதவீதம் குறைத்து, பிடிபடாத சங்கதியை லூப்பில் போட்டு ஒரு மாதம் தினமும் காலையில் கேட்டேன். இரண்டாம் கால ஸ்வரங்கள் எனக்கு அப்படித்தான் வசமாயின.

கோப்பு விஷயம் ஒன்று. சுத்தம் செய்யாத மூலப் பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகத் தனியே வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு சி-90 கேசட்டுக்கு ஏறக்குறைய 1.5 ஜிபி ஆகும். இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். போனில் கேட்க மட்டும் எம்பி3 போதும். என்னிடம் மூலப் பதிவு இருந்ததால்தான், தம்பூரா போன அந்தக் கேசட்டை மறுபடி முதலிலிருந்து செய்ய முடிந்தது. இரண்டாம் தடவை கொண்டுபோனபோது டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.